ஐந்தாம் நம்பர் சட்டை

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்காரர் தூங்கினால் எனக்குக் கை கால் ஓடாது. பாத்திரம் தேய்ப்பேன், துணி மடிப்பேன், டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். காது மட்டும் படுக்கையறையில் இருக்கும். குறட்டை வந்தால் ஏன் இப்படி வருகிறது என்று பயம். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பயம். பொறுக்க முடியாமல் போய் எழுப்புவேன். மனுஷன் கண்டபடி திட்டுவார். திட்டினால் எனக்கு நிம்மதி. இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்வதானால் ஒரு கால்பந்து கிளப்பின் கதையைத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கிளப்பில் நான் ஒரு நாளும் பந்தைத் தொட்டதில்லை. சட்டை துவைத்தேன், அவ்வளவுதான்.

நாங்கள் டெல்லி ஜனக்புரிக்குக் குடிவந்தது கல்யாணமான புதிதில். அவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை, எனக்கு வங்கியில். நான் திருநெல்வேலி டவுன். அவர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். அந்த ஊரில் பந்து உதைக்காத ஆம்பிளையை ஒரு ஆளாகவே சேர்க்க மாட்டார்கள் போலிருக்கிறது. டெல்லிக்கு வந்தும் அவருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கால் நிற்காது. அலுவலகத்தில் இவரைப் போலவே கால் நிற்காத இன்னும் நாலைந்து தமிழ்க்காரர்கள் சேர்ந்தார்கள். எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு பெரிய பார்க். வாசலிலேயே இங்கே கால்பந்து ஆடக் கூடாது என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் போர்டு. தமிழில் ஒன்றும் போடவில்லையே என்று சொல்லி, அந்தப் போர்டுக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடினார்கள். கிளப் பிறந்தது அப்படித்தான்.

பதினொரு பேர் தேறவில்லை. பார்க்குக்கு அந்தப் பக்கம் சாக்கடை ஓடும் நாலா. அதன் கரையில் ஒரு ஜுக்கி, குடிசைப் பகுதி. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஆண்கள் கட்டட வேலை, பெயின்ட், கரன்ட் வேலை. பெண்கள் காலனி வீடுகளில் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் வருவார்கள். அங்கிருந்து ஒருத்தர் ஒருநாள் வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். பந்து அவரிடம் போயிருக்கிறது. திருப்பி உதைத்த உதையைப் பார்த்துவிட்டு எங்கள் கேப்டன் அந்த இடத்திலேயே ஆளைச் சேர்த்துக்கொண்டார். அவர் எலக்ட்ரீஷியன். இடது காலில் மாயம் வைத்திருந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். மேற்கு டெல்லியில் ஞாயிற்றுக்கிழமை போட்டிகளில் எங்கள் கிளப்பும் ஒரு கிளப் ஆனது.

முதல் முதலில் வாங்கிய நீலச் சட்டைகளை இஸ்திரிக்காரரிடம் கொடுத்துக் கெடுத்தார்கள். அவர் என்ன செய்வார் பாவம், கரிப்பெட்டியைச் சூடாக வைத்து அழுத்தினார். முதுகில் ஒட்டியிருந்த நம்பரெல்லாம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அடுத்த போட்டியில் எட்டாம் நம்பர்காரர் முதுகில் பாதி மூன்றும் இருந்தது. அதற்குப் பிறகு வீட்டு முறை வைத்தார்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் எல்லாச் சட்டைகளும் ஒரு பெரிய பையில் ஒரு வீட்டுக்குப் போகும். அடுத்த வாரம் அடுத்த வீடு. ஜுக்கி வீடுகளில் தண்ணீர் லாரி வந்தால்தான் தண்ணீர், அவர்களை விட்டுவிடலாம் என்று கேப்டன் வீட்டம்மா சொன்னாள். எலக்ட்ரீஷியன் பெண்டாட்டிக்கு அதில் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஆடுறதுக்கு மட்டும் எங்க வீட்டு ஆளு வேணுமா என்று கேட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

எங்களுக்குள் பேர் கிடையாது, நம்பர்தான். என் வீட்டுக்காரர் ஐந்தாம் நம்பர், பின்வரிசையில் நடுவில் நிற்பவர். அதனால் நான் அஞ்சாம் நம்பர் வீடு. எலக்ட்ரீஷியன் பெண்டாட்டி பதினொண்ணு. எத்தனையோ வருஷமாக என் போனில் அவள் பதினொன்று என்றுதான் இருக்கிறாள்.

ஆண்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. அது வந்த கதை சிரிப்பாக இருக்கும். எங்கள் முதல் கோல்கீப்பருக்கு விரல் முறிந்தது. வீட்டில் போய்ச் சொல்லித் தொலைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அவருடைய அம்மா பால் தூக்குவாளியோடு நேரே மைதானத்துக்குள் நடந்து வந்து, கோல் கம்பத்துக்கு நடுவில் நின்ற மகன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மகன் அரசாங்கத்தில் செக்‌ஷன் ஆபீசர். எதிர் டீம் பஞ்சாபிக்காரர்கள் கைதட்டினார்களாம். கீப்பர் இல்லாமல் அன்றைக்கு வாங்கிய கோல்களை நம் ஆட்கள் யாரும் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று சாயங்காலமே கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். மைதானத்தில் நடந்தது மைதானத்தோடு. அடி பட்டால் வீட்டில் சொல்லக் கூடாது. மெட்ரோ படியில் வழுக்கினேன், ஆபீஸ் பீரோ காலில் இடித்தது என்று எதையாவது சொல்ல வேண்டியது.

எங்களுக்குத் தெரியாதென்று நினைத்தார்கள். சட்டை யார் கையில் இருக்கிறது? துவைக்கிறவளுக்குத் தெரியாமல் எது நடக்கும்? முழங்கையில் ரத்தமா, தோள் தையல் விட்டிருக்கிறதா, கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்திருக்கிறார்களா, எல்லாம் தொட்டியில் ஊறும்போது தெரிந்துவிடும். ஒருமுறை அந்த வாரத்து முறைக்காரி எனக்கு போன் செய்து, உங்கள் சட்டையில் வலது பக்கம் முழுக்கச் சேறு, இடுப்பில் விழுந்திருப்பார், பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அதிலிருந்து அது எங்கள் வழக்கமானது. எந்த வீட்டில் பை இருக்கிறதோ அந்த வீட்டுக்காரி சட்டைகளைப் பார்த்துவிட்டு, அடிபட்டவர் வீட்டுக்கு போன் செய்ய வேண்டும். கட்டாயம். ஆண்களிடம் மூச்சு விடக் கூடாது. அவர்கள் மெட்ரோ படிக்கதை சொல்வார்கள், நாம் அப்படியா என்று கேட்டுக்கொண்டே வெந்நீர் வைப்போம். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது. எங்களுக்கு உள்ளூரப் பெருமை கூட. இந்த ஆம்பிளைகளை எப்படி ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் பார் என்று.

அது ஜனவரி மாதம். மூடுபனி மதியம் வரை விலகாத நாள்களில் ஒன்று. பை எங்கள் வீட்டு முறை. மகன் புனேயில் படித்துக்கொண்டிருந்தான், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் மார்க்கெட்டில் வஞ்சிரம் கிடைத்தது. டெல்லியில் நல்ல மீன் கிடைத்தால் அது திருவிழா. புளியைக் கூட்டி, அவர் ஊர் பக்குவத்தில் தேங்காய் அரைத்து மீன் குழம்பு வைத்திருந்தேன். இவரை ஆட்டோவில் கொண்டுவந்து கேப்டன் இறக்கிவிட்டுப் போனார். மாடிக்கு வரவில்லை. பையைப் படியில் வைத்துவிட்டு, ஆளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, படுக்கட்டும் என்று கீழே இருந்தே சொல்லிவிட்டு ஓடினார். இவர் சட்டை இல்லாமல் வெறும் பனியன்மேல் ஜாக்கெட்டை மாட்டிக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு வந்திருந்தார்.

சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றார். மீன் குழம்பு என்றேன். மீன் வாசனையே பிடிக்கவில்லை, லைட்டை அணை என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு அலைந்து வாங்கி வந்து, அம்மியில் அரைக்காத குறையாக அரைத்து வைத்தால் வாசனை பிடிக்கவில்லையாம். வேண்டாம் என்றால் போங்கள் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரிலிருந்து அக்கா, தங்கை என்று மாறி மாறி போன் வரும். தூங்குகிற மனுஷனை எழுப்ப வேண்டாமே என்று போனின் சத்தத்தை நிறுத்தி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். கோபத்திலும் அந்த அக்கறை இருந்தது. அந்த அக்கறைதான் ஆளைக் கொன்றிருக்கும்.

பால்கனியில் உட்கார்ந்து பையைக் கொட்டினேன். நீலச் சட்டைகளைப் பிரித்துப் போடும்போது ஐந்தாம் நம்பர் இல்லை. திரும்பப் பார்த்தேன். இல்லை. ஜாக்கெட்டோடு வந்ததைப் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லையே என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன். அப்போது தோன்றியதெல்லாம், சட்டையை மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்திருப்பார், இனி ஒரு சட்டைக்காக மொத்த செட்டையும் மாற்ற வேண்டும் என்பதுதான். கேட்டுவிடலாம் என்று அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பெரிய குறட்டை. இழுத்து இழுத்து வந்தது. களைப்பு போல, தூங்கட்டும் என்று வந்துவிட்டேன். மிச்சச் சட்டைகளை அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கை விறைக்க விறைக்க அலசினேன். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகியிருக்கும்.

காயப்போட்டு முடித்துவிட்டுக் கேப்டனைக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். பதினொன்றிடமிருந்து வரிசையாக அழைப்புகள். பட்டியல் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. என்னத்துக்கு இத்தனை தடவை, அடுத்த வாரம் முறையை மாற்றக் கேட்பாளோ என்று நினைத்துக் கேப்டனுக்குத்தான் முதலில் அடித்தேன். சட்டையைப் பற்றிக் கேட்டதும் கேப்டன் ரொம்ப மரியாதையாகப் பேசினார். நம்பர் கொஞ்சம் பிரிந்திருந்ததாம், டெய்லரிடம் கொடுத்திருக்கிறாராம், நான் அலட்டிக்கொள்ள வேண்டாமாம். ஞாயிற்றுக்கிழமை எந்த டெய்லர் கடை திறந்திருக்கிறது? மனுஷனுக்குப் பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வராது. அந்த மரியாதையைக் கேட்டதும்தான் எனக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது. பதினொன்றுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“எத்தினி வாட்டிக்கா போடறது. வேல வூட்டுல மாட்டிக்கிட்டேன், ஓடியார முடியலக்கா. ஒங்க வூட்டுச் சட்ட எங்கிட்ட இருக்குதுக்கா.”

டெய்லரிடம் இருப்பதாகச் சொன்னார்களே என்றேன்.

“இல்லக்கா. எங்க வூட்டுக்காரருதான் கொண்டாந்தாரு. யாருக்கும் சொல்லாம அலசிக் குடுன்னாரு. ரத்தம் ஒண்ணும் பெருசா இல்லக்கா. வாந்தி எடுத்திருக்காரு. கேட்டா மண்டையில அடிங்கறாரு. அவரு எங்கக்கா?”

தூங்குகிறார் என்றேன்.

“எழுப்புங்கக்கா. போன வச்சிட்டு எழுப்புங்க.”

அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், அந்தச் சின்ன வீட்டில் ஓட எங்கே இடம். ஆனால் அந்த நடை இன்னும் கனவில் வருகிறது, அறை வந்து சேருவதேயில்லை. லைட்டைப் போட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். என்னங்க, என்னங்க என்று கத்தினேன். குறட்டை நிற்கவில்லை. கன்னத்தில் தட்டினேன். அடித்தேன் என்றே சொல்லலாம். அப்போது கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் இந்திக்கு இடமில்லை. வாசல்படிக்கு வெளியே எவ்வளவு இந்தி வேண்டுமானாலும் பேசு, உள்ளே தமிழ்தான் என்று மகனுக்குச் சட்டம் போட்டவர் அவர். என்னிடம் சண்டையில்கூட ஒரு இந்தி வார்த்தை சொன்னதில்லை. அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்து, ரொம்பப் பணிவாக, “கல் ஆயியே ஜீ. சாப் சீட் பர் நஹி ஹை” என்றார்.

நாளைக்கு வாருங்கள், அய்யா சீட்டில் இல்லை. அலுவலகத்தில் கவுன்டருக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்வது. என்னைத் தெரியவில்லை. எத்தனையோ வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளைக் கவுன்டருக்கு வெளியே நிற்கிற யாரோ என்று நினைத்துப் பேசினார். பேசிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.  அழுகை வரவில்லை. 

கீழ்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி கதவைத் தட்டினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் ஒன்றும் கேட்கவில்லை, மகனைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொன்னாள். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. எப்படி இறக்குவது என்று நிற்கும்போது கேப்டனும் எலக்ட்ரீஷியனும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். பதினொன்று போனிலேயே அவள் புருஷனைத் திட்டி அனுப்பியிருக்கிறாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, என் புடவை ஒன்றால் மார்போடு கட்டி, படிப்படியாக இறக்கினார்கள். ஜல்தி, ஜல்தி என்று ஆன்ட்டி மேலே இருந்து கத்திக்கொண்டிருந்தாள். அவர் தலை ஒவ்வொரு படிக்கும் ஆடியது. நான் பின்னால் இருந்து இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். உள்ளே என்ன உடைந்திருக்கிறதோ, என் கையாலேயே இன்னும் கெடுத்துவிடுவேனோ என்று பயம். விடவும் பயம்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இளவயது டாக்டர் ஒருவர் வந்து இந்தியில் வரிசையாகக் கேட்டார். எப்போது அடி? கீழே விழுந்தாரா? நினைவு தப்பியதா? எவ்வளவு நேரம்? வாந்தி எத்தனை முறை? எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அவர் மீன் குழம்பை வேண்டாம் என்றது தெரியும், அவ்வளவுதான். திரும்பி ஆண்களைப் பார்த்தேன். அதற்குள் டீமில் பாதிப் பேர் வந்து சுவரோரமாக நின்றார்கள். டாக்டர் மறுபடி கேட்டார். ஒருத்தர் மற்றவரைப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பழக்கம். வீட்டம்மா நிற்கிறாள், அவள் முன்னால் எப்படிச் சொல்வது என்று, அந்த இடத்திலும், அந்த நேரத்திலும்! என்னால் அதை மன்னிக்கவே முடியவில்லை. இப்போதும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போதுதான் பதினொன்று வந்தாள். சமையல் வேலைக்குப் போட்டிருந்த அதே ஸ்வெட்டர், பஸ் பிடித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஐந்தாம் நம்பர் சட்டை. “அலசலக்கா” என்றாள் என்னிடம். பிறகு அந்தச் சட்டையை வெளியே எடுத்து அவர்கள் முன்னால் பிரித்துக் காட்டினாள். மார்புப் பக்கம் முழுக்க வாந்தி காய்ந்திருந்தது. கழுத்துப் பட்டியில் கொஞ்சம் ரத்தம். அந்தத் தாழ்வாரத்தில் நாற்றம் அடித்தது.  சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேப்டன் வாயைத் திறந்தார். கார்னர் பந்துக்கு எம்பியபோது எதிர் டீம்காரன் தலையும் இவர் தலையும் மோதின. இவர் விழுந்தார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை, முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். எழுந்து ஒன்றுமில்லை என்று சொல்லி, மாற்று ஆள் இல்லாததால் கடைசிவரை ஆடினார். முடிந்த பிறகு குழாயடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வெறும் வயிற்றில் டீ குடித்ததால் என்று நினைத்தோம் என்றார். பை எங்கள் வீட்டு முறை என்பதால் சட்டையை நான் பார்த்துவிடுவேன், பயந்துவிடுவேன், அதனால் பதினொன்று வீட்டுக்குக் கொடுத்தோம் என்று அழுதுகொண்டே சொன்னார். நான் பயந்துவிடக் கூடாதாம்.

ஆண்களிடமிருந்து மறைக்க எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது போல, எங்களிடமிருந்து மறைக்க அவர்கள் ஒரு பெண்ணிடமே போய்க் கொடுத்தார்கள். வேறு எந்த மடையனாவது சட்டையைக் குப்பையில் போட்டிருப்பான். கிளப் சட்டை வீணாகக் கூடாது என்று துவைக்கக் கொடுத்தார்கள். அந்தக் கஞ்சத்தனம் பிழைக்க வைத்தது.

மண்டை ஓட்டுக்குக் கீழே ரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது, உடனே திறக்க வேண்டும் என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. கதவு மூடியது. வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தேன். கடவுளே என்றுகூட முழுசாக நினைக்க முடியவில்லை, மனசுக்குள் அந்த இந்திதான் ஓடிக்கொண்டிருந்தது. கல் ஆயியே. நாளைக்கு வாருங்கள். அதுவே அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை ஆகிவிடுமோ என்று பயந்தேன். ஊரில் யாராவது கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்பார்களே, அவர்களிடம் எதைச் சொல்வது என்றுகூட யோசித்தேன். மனசு எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.

பதினொன்று என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உனக்கு எப்படித் தெரிந்தது, தூங்க விடக் கூடாது என்று எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். அவள் தம்பி குர்கானில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தானாம். எழுந்து உட்கார்ந்து டீ குடித்தானாம். சிரித்தானாம். அவள்தான் பாயை விரித்துக் கொஞ்சம் படுடா என்றாளாம். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். 

இருட்டிய பிறகு கதவு திறந்தது. பிழைப்பார், ஆனால் இன்னும் இரண்டு மூன்று நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த இரண்டு மூன்று நாளும் நான் சாப்பிட்டேனா, குளித்தேனா என்று கேட்டால் தெரியாது. மகன் வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொட்டைத்தலையும் கட்டுமாகக் கிடந்தவரை அவனுக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒருநாள் காலை உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எந்த மொழியில் பேசப்போகிறார் என்று காத்து நின்றேன். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

“ஏட்டி, ஜெயிச்சோமா?”

என்னைப் பற்றிக் கேட்கவில்லை, மகனைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் நான் மயங்கிவிட்டேன் என்று ஓடி வந்தாள். 

ஆள் தேறி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஜெயித்தோமா என்று அன்று கேட்டதோடு சரி, அந்தப் போட்டியும் அந்த மதியமும் அவருக்கு ஞாபகமே இல்லை. என்னிடம் இந்தியில் பேசியது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கிளப்பில் ஆண்களின் சட்டம் அன்றோடு செத்தது. இப்போது கேப்டன், கொசு கடித்தால்கூட ஆள் வீடு சேர்வதற்கு முன் வீட்டம்மாவுக்கு போன் செய்துவிடுகிறார். ஐந்தாம் நம்பர் சட்டையை இனி யாருக்கும் கொடுக்க மாட்டோம், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவோம் என்றார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. செத்தவர் போட்டோவா அது, மாட்டி வைக்க? புதுப் பையன் ஒருத்தனுக்குப் போடச் சொல்லிவிட்டேன். இவர் இப்போது கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதோடு சரி.

நாலா கரை ஜுக்கியை இடித்துத் தள்ளிவிட்டார்கள். பதினொன்று குடும்பத்துக்கு நகரத்தின் வடக்குக் கோடியில் எங்கோ ஓர் அறை கிடைத்தது. அங்கிருந்து பார்க்குக்கு வரவேண்டுமென்றால் பஸ் மாறி மாறி வர வேண்டும். எலக்ட்ரீஷியன் ஆட்டத்தை விட்டுவிட்டார். சட்டைப் பையும் அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் அவளிடமிருந்து போன் வரும். ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். எழுப்பிட்டேன் என்பேன். சரிக்கா என்று வைத்துவிடுவாள்.

போன ஞாயிறு நல்ல குளிர். மைதானத்தில் நின்று கத்திவிட்டு வந்து, சாப்பிடாமல், கொஞ்சம் படுக்கிறேன் என்று போனார். நான் வழக்கம்போல அடுப்படியில் நின்றுகொண்டு குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மனசு கேட்கவில்லை, போய்த் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறக்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

“கல் ஆயியே ஜீ.”

அதற்குப் பிறகு நான் செய்தது எனக்கு நினைவில்லை. நினைவு வரும்போது காலில் செருப்பு, கையில் வீட்டுச் சாவி. கீழ்வீட்டுக்கு ஓட வாசல் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறேன்.  உள்ளேயிருந்து கட்டில் கிறீச்சிடும் சத்தம். எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். ஆபீசை விட்டாலும் ஆபீஸ் கனவு விடமாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, எங்கே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய் என்று கேட்டார். மார்க்கெட்டுக்கு என்றேன்.

போன் அடித்தது. பதினொன்று.

“எழுப்பிட்டீங்களாக்கா?”

“எழுப்பினேன். இந்தியில பேசினாரு.”

 பஸ் போகிற இரைச்சல் மட்டும் கேட்டது. அவளும் நடையை நிறுத்திவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

“அப்புறம்க்கா?”

படுக்கையறையிலிருந்து இவர் குரல் வந்தது. நான் போனை அந்தப் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

“ஏட்டி, மீன் கொளம்பு இருக்கா, தீந்துட்டா?”

அவளுக்குக் கேட்டுவிட்டது. “இருக்குன்னு சொல்லுங்கக்கா” என்றாள்.  இருக்கு, எழுந்து வாங்க என்று நான் உரக்கச் சொன்னேன். அவர் எழுந்து, முகம் கழுவி, தட்டின் முன்னால் வந்து உட்காரும் வரை அவள் போனை வைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் சாவியைக் கீழே வைத்தேன்.